ஆண் எத்தனை? பெண் எத்தனை? எண்களையும் விசாரிக்க வேண்டும்!

132 கிராமங்கள். மூன்று மாதங்கள். 216 குழந்தைகள் பிறந்தன. அத்தனையும் ஆண். ஒரு பெண் குழந்தைகூட இல்லை!

2019-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்தச் செய்தி இந்தியாவையே உலுக்கியது. உத்தரகாண்ட் மாநிலத்தில், இமயமலைப் பகுதியில் இருக்கும் உத்தரகாசி மாவட்டத்துக் கணக்கு அது. ஏப்ரல் முதல் ஜூன் வரை பிறந்த குழந்தைகளைப் பற்றிய கணக்கு.

செய்தியைப் படித்தவர்கள் பதறினார்கள். "பெண் சிசுக்களைக் கருவிலேயே அழிக்கிறார்கள்" என்று பேச்சு எழுந்தது. விசாரணைக்கு உத்தரவு பிறந்தது. அந்த மலைக் கிராமங்களில் இருக்கும் தாய்மார்கள் மீது ஊர் உலகத்தின் சந்தேகப் பார்வை விழுந்தது.

பிறகு மாவட்டத்தின் மற்றக் கணக்கும் வெளியே வந்தது. அதே மாவட்டம். அதே மூன்று மாதங்கள். வேறு 129 கிராமங்களில் 180 குழந்தைகள் பிறந்திருந்தன. அத்தனையும் பெண். ஓர் ஆண் குழந்தைகூட இல்லை!

மாவட்டம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், பெண் குழந்தைகள் 479. ஆண் குழந்தைகள் 468. பெண்ணே கூடுதல்!

முதலில் வந்த எண் பொய் அல்ல. 132 கிராமங்களில் பெண் பிறக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால், அந்த உண்மையை வைத்துச் சொன்ன தீர்ப்பு அவசரத் தீர்ப்பு.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். மனிதர்களுக்கு மட்டும் அல்ல, எண்களுக்கும் இது பொருந்தும். ஓர் எண்ணைப் பார்த்து ஓர் ஊரின் மீது பழி போடுவதற்கு முன்னால், அந்த எண்ணை விசாரிக்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு பள்ளிப் பிள்ளைக்கும் புரியக்கூடியதே.

கோர்ட்டில் நடப்பது என்ன?

ஒருவன் மீது திருட்டுக் குற்றம் சாட்டுகிறார்கள். கோர்ட்டு என்ன செய்கிறது? முதலில், "இவன் குற்றம் செய்யாதவன்" என்று வைத்துக்கொள்கிறது. பிறகு சாட்சியங்களைப் பார்க்கிறது. "குற்றம் செய்யாதவனாக இருந்தால் இப்படிப்பட்ட சாட்சியம் கிடைத்திருக்குமா?" என்று கேட்கிறது. "கிடைத்திருக்கவே முடியாது" என்றால்தான் தண்டனை. சந்தேகம் இருந்தால் விடுதலை.

எண்களை விசாரிக்கும் முறையும் இதுதான். "இங்கே தப்பு எதுவும் நடக்கவில்லை. இயற்கைப்படியே குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஏற்றத் தாழ்வு வெறும் தற்செயல்" என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கணக்கைப் பார்க்க வேண்டும். "தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வருமா?" என்று கேட்க வேண்டும்.

வரும் என்றால், குற்றச்சாட்டு நிற்காது. வராது என்றால், தற்செயல் என்ற சமாதானம் நிற்காது. கணித நிபுணர்கள் இதற்குக் 'கருதுகோள் சோதனை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பெரிது. விஷயம் எளிது.

ராணியின் டாக்டர் போட்ட கணக்கு

இந்த விசாரணையை முதன்முதலில் நடத்தியவர்களில் ஒருவர் ஒரு டாக்டர். அவர் பெயர் ஜான் அர்பத்நாட். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இங்கிலாந்தை ஆண்ட ஆன் ராணிக்கு வைத்தியர். இங்கிலாந்துக்காரனைக் குறிக்கும் 'ஜான் புல்' என்ற வேடிக்கைப் பாத்திரத்தை எழுத்தில் உருவாக்கியவரும் இவரே.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வியும் இதே கேள்விதான். ஆண் எத்தனை? பெண் எத்தனை?

லண்டன் நகரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பட்டியல் ஆண்டுதோறும் எழுதி வைக்கப்பட்டிருந்தது. 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகளின் பட்டியலை அவர் எடுத்துப் பார்த்தார். 1629-ல் ஆண் 5,218. பெண் 4,683. அடுத்த ஆண்டிலும் ஆண் அதிகம். அதற்கு அடுத்த ஆண்டிலும் ஆண் அதிகம். இடையில் உள்நாட்டுப் போர் வந்தது. 1665-ல் கொள்ளை நோய் வந்தது. 1666-ல் நகரமே தீப்பற்றி எரிந்தது. எது வந்தாலும், 82 ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூடத் தவறாமல் ஆண் குழந்தைகளே அதிகம்!

"இது தற்செயலாக இருக்க முடியுமா?" என்று அர்பத்நாட் கேட்டார்.

ஒரு காசைச் சுண்டினால் பூ விழலாம், தலை விழலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. ஆணும் பெண்ணும் அதைப்போலத்தான் என்றால், ஓர் ஆண்டு ஆண் அதிகமாகவும் இன்னோர் ஆண்டு பெண் அதிகமாகவும் இருக்க வேண்டும். 82 தடவை காசைச் சுண்டி, 82 தடவையும் தலையே விழுமா?

அவர் கணக்குப் போட்டார். 4,836 கோடி கோடி கோடியில் ஒரு பங்கு வாய்ப்புத்தான் இருக்கிறது என்று கண்டார். அதாவது, வாய்ப்பே இல்லை. ஆணும் பெண்ணும் சமமாகப் பிறக்கும் என்ற எண்ணம் அந்தக் கணக்கோடு அடிபட்டுப் போயிற்று. லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிஞர் சபையின் முன் இந்தக் கணக்கை அவர் வைத்தார்.

பிறகு பிரான்சு நாட்டுக் கணித மேதை லாப்லாஸ், பாரிஸ் நகரக் கணக்கை ஆராய்ந்தார். 1745 முதல் 1770 வரை அங்கே பிறந்த ஆண் குழந்தைகள் 2,51,527. பெண் குழந்தைகள் 2,41,945. அங்கும் ஆணே அதிகம்.

இன்று இது தெரிந்த விஷயம். மனிதர் கை வைக்காமல் இயற்கையின் போக்கில் விட்டால், 100 பெண் பிறக்கும்போது சுமார் 105 ஆண் பிறக்கும். வேறு விதமாகச் சொன்னால், 1,000 ஆணுக்குச் சுமார் 950 பெண். பிறக்கும் குழந்தைகள் 1,000 என்றால், அதில் ஆண் சுமார் 512.

ஆண் குழந்தைக்கு இயற்கையிலேயே தாக்குப் பிடிக்கும் சக்தி கொஞ்சம் குறைவு. பெண் குழந்தையைவிட ஆண் குழந்தைகள் சிறு வயதில் சற்று அதிகமாக இறக்கின்றன. ஆகையால், பிள்ளைகள் வளர வளர இரண்டும் சமமாக நெருங்கி வர வேண்டும். இது இயற்கை வகுத்த கணக்கு.

இந்தக் கணக்கிலிருந்து ஓர் ஊர் எவ்வளவு விலகினால் சந்தேகப்படலாம்?

ஒரு சுலபமான வழி

ஒரு காசைப் பத்துத் தடவை சுண்டுங்கள். ஏழு தடவை தலை விழுந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அதே காசை ஆயிரம் தடவை சுண்டி, எழுநூறு தடவை தலை விழுந்தால்? காசில் ஏதோ கோளாறு என்று குழந்தைகூடச் சொல்லும்.

பத்துக்கு ஏழு என்பதும் ஆயிரத்துக்கு எழுநூறு என்பதும் நூற்றுக்கு எழுபதுதான். விகிதம் ஒன்றே. ஆனால், தீர்ப்பு வேறு. எண்ணிக்கை சிறியதாக இருந்தால் தற்செயல் துள்ளி ஆடும். எண்ணிக்கை பெருகப் பெருக அதன் ஆட்டம் அடங்கும்.

எவ்வளவு அடங்கும் என்பதற்கு ஒரு சுலபமான அளவுகோல் உண்டு. அதுதான் வர்க்கமூலம். 10-ஐ 10-ஆல் பெருக்கினால் 100. ஆகவே 100-ன் வர்க்கமூலம் 10. 100-ஐ 100-ஆல் பெருக்கினால் 10,000. ஆகவே 10,000-ன் வர்க்கமூலம் 100.

குழந்தைகளின் மொத்த எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் பாருங்கள். இயற்கைப்படி எத்தனை ஆண் பிறக்க வேண்டுமோ, அதற்கு மேலும் கீழும் அந்த வர்க்கமூலம் அளவுக்கு விட்டுக் கொடுங்கள். அந்த எல்லைக்குள் இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். எல்லையைத் தாண்டினால் சந்தேகப்படலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை தற்செயலின் ஆட்டம் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும்.

ஆண், பெண் போல ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாக இருக்கும் விஷயங்களுக்குத்தான் இந்த அளவு பொருந்தும். நூற்றுக்குப் பத்து, இருபது என்று வருகிறவற்றுக்கு எல்லை இதைவிடக் குறுகியது.

ஓர் ஊரில் 100 குழந்தைகள் பிறந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். இயற்கைப்படி 51 ஆண் இருக்க வேண்டும். வர்க்கமூலம் 10. ஆகவே 41 முதல் 61 வரை எத்தனை ஆண் பிறந்தாலும் அது தற்செயலாக இருக்கலாம்.

61 ஆண், 39 பெண் பிறந்தால் என்ன ஆகும்? "1,000 ஆணுக்கு 639 பெண்தான்!" என்று கணக்குச் சொல்லும். கேட்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால், அந்த ஊரில் ஒரு தப்பும் நடக்காமலே அப்படி ஓர் எண் வரக்கூடும்.

1,000 குழந்தைகள் என்றால்? வர்க்கமூலம் சுமார் 32. ஆண் 480 முதல் 544 வரை இருக்கலாம். 10,000 குழந்தைகள் என்றால்? வர்க்கமூலம் 100. ஆண் 5,020 முதல் 5,220 வரை இருக்கலாம். எண்ணிக்கை நூறு மடங்கு ஏறியது. தற்செயலின் ஆட்டமோ பத்து மடங்குதான் ஏறியது. பெரிய கணக்கில் பொய் சொல்வது கடினம் என்பதன் ரகசியம் இதுவே.

நூற்றுக்கு 60 ஆண் என்ற விகிதத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 100 குழந்தைகளில் 60 ஆண் என்றால், எல்லைக்குள் இருக்கிறது. 1,000 குழந்தைகளில் 600 ஆண் என்றால், 544 என்ற எல்லையைத் தாண்டி நெடுந்தூரம் போய்விட்டது. அங்கே ஏதோ நடக்கிறது!

உத்தரகாசிக்கு என்ன தீர்ப்பு?

உத்தரகாசி மாவட்டத்தின் 479 பெண்ணையும் 468 ஆணையும் கூட்டினால் 947. இயற்கைப்படி ஆண் சுமார் 485 இருக்க வேண்டும். இருந்தது 468. வித்தியாசம் 17. வர்க்கமூலம் சுமார் 31. வித்தியாசம் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அந்த மூன்று மாதக் கணக்கில் குற்றத்துக்குச் சாட்சியம் இல்லை.

அப்படியானால் 132 கிராமங்களில் 216-ம் ஆணாக இருந்தது எப்படி? 216 தடவை காசைச் சுண்டி 216 தடவையும் தலை விழுந்தது போல் அல்லவா தோன்றுகிறது?

அங்கேதான் சூட்சுமம். அந்த 132 கிராமங்களையும் யாரும் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கவில்லை. குழந்தைகள் பிறந்த பிறகு, ஆண் மட்டும் பிறந்த கிராமங்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்த பட்டியல் அது. 132 கிராமத்துக்கு 216 பிறப்பு என்றால், கிராமத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பிறப்புத்தான். ஒரே குழந்தை பிறந்த கிராமத்தில் அது ஆணாக இருக்கும், அல்லது பெண்ணாக இருக்கும். இரண்டும் பிறக்க வழி ஏது?

நெல்லும் பதருமாக இருக்கும் மூட்டையில் பதரை மட்டும் பொறுக்கித் தனியாக வைத்துக்கொண்டு, "இந்த மூட்டையில் நெல்லே இல்லை" என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? 

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தப்பே செய்யாத நூறு ஊர்களை இந்த அளவுகோலால் அளந்தால், சுமார் ஐந்து ஊர்கள் தற்செயலாகவே எல்லையைத் தாண்டி நிற்கும். அந்த ஐந்தை மட்டும் பிடித்துக் கூண்டில் ஏற்றினால், அது நீதி ஆகாது.

சோறு பதமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்டு நாட்டின் நிலையை அறியும் மாதிரிக் கணக்கெடுப்புக்கும் இதுவே அடிப்படை. இந்தியாவில் இந்தக் கலையை வளர்த்தவர் பேராசிரியர் மகாலனோபிஸ். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் அவர். நாடு தழுவிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-ல் தொடங்கியது.

ஆனால், சமைக்கிற தாய்மார்களுக்கு ஒன்று தெரியும். பானையை நன்றாகக் கிளறிவிட்ட பிறகு எடுத்த சோறுதான் பதம் சொல்லும். அடியில் பிடித்த சோற்றை எடுத்துப் பார்த்தால் பானை முழுவதும் தீய்ந்துவிட்டதாகத் தோன்றும்.

2021 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. "இந்தியாவில் 1,000 ஆணுக்கு 1,020 பெண்!" என்றது செய்தி. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு கண்ட எண் அது. 6 லட்சத்து 36 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போய் எடுத்த கணக்கு. "பெண் குலம் பெருகிவிட்டது. இனிக் கவலை இல்லை" என்று பலர் மகிழ்ந்தார்கள்.

அந்த எண் எப்படி வந்தது? கணக்கெடுத்தவர்கள் போனது வீடுகளுக்கு. முந்திய இரவு அந்த வீட்டில் தங்கியவர்களை எண்ணினார்கள். பிழைப்புத் தேடி வெளியூர் போன ஆண்கள் பலர் உண்டு. விடுதிகளிலும் ராணுவ முகாம்களிலும் தங்கியிருக்கும் ஆண்களும் உண்டு. அவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். தவிர, பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். வயதான பெண்களும் அந்த எண்ணில் சேர்ந்திருக்கிறார்கள்.

பெண் குழந்தையின் நிலையை அறிய வேண்டுமானால், பார்க்க வேண்டிய எண் வேறு. அதே ஆய்வில் அதுவும் இருக்கிறது. ஆய்வுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 929 பெண்தான்! இயற்கைக் கணக்கான 950-க்கு அது குறைவு.

இந்தக் குறைவு தற்செயலா? அளவுகோலை எடுப்போம். கணக்கில் வந்த குழந்தைகள் 2 லட்சத்துக்கு மேல். 2 லட்சம் என்றே வைத்துக்கொண்டால், வர்க்கமூலம் சுமார் 447. இயற்கைப்படி ஆண் 1,02,400. ஆய்வின் விகிதப்படி ஆண் சுமார் 1,03,680. வித்தியாசம் 1,280. எல்லையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு!

இத்தகைய ஆய்வுகளில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊரில் பல வீடுகளைக் கேட்கிறார்கள். ஓர் ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி இருக்கக்கூடும். ஆகவே, எல்லையைக் கொஞ்சம் தாராளமாகவே வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் இது தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய வித்தியாசம் அல்ல.

2015-16-ல் நடந்த முந்திய ஆய்வில் இந்த எண் 919. பிறகு 929. "பத்து ஏறிவிட்டது" என்று சந்தோஷப்படலாமா? கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்த எண்கள் ஒவ்வொன்றும் தற்செயலால் ஏறக்குறைய 8 கூடவும் 8 குறையவும் இடம் உண்டு. 919 என்பது 927 ஆகவும் இருக்கலாம். 929 என்பது 921 ஆகவும் இருக்கலாம். ஆகவே, நிலைமை திருந்திவிட்டது என்று அடித்துச் சொல்ல அந்த ஏற்றம் மட்டும் போதாது. நல்ல செய்தியாக இருந்தாலும் விசாரித்துத்தான் ஏற்க வேண்டும்.

தப்ப முடியாத சாட்சியம்

சிறிய எண்ணை நம்பிப் பழி போடுவது ஒரு தப்பு. பெரிய எண்ணைப் பார்த்த பிறகும் "தற்செயல்" என்று கண்ணை மூடிக்கொள்வது அதைவிடப் பெரிய தப்பு.

இந்திய மக்கள் தொகைக் கணக்கைப் பாருங்கள். ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில், 1991-ல் 1,000 ஆணுக்கு 945 பெண் இருந்தார்கள். 2001-ல் 927. 2011-ல் அதுவும் குறைந்தது.

2001-ல் அந்த வயதுக் குழந்தைகள் சுமார் 16 கோடிப் பேர். 16 கோடிக்கு வர்க்கமூலம் சுமார் 12,650. தற்செயல் அவ்வளவுதான் ஆட முடியும். ஆனால், இயற்கைக் கணக்கைவிட ஆண் பிள்ளைகள் கூடியிருந்தது எவ்வளவு? ஏறக்குறைய 11 லட்சம்! எல்லை எங்கே, இந்த எண் எங்கே! இதற்குத் தற்செயல் என்று பெயர் சொல்ல எந்தக் கணித மேதையாலும் முடியாது.

பானையைக் கிளறினோமா, இல்லையா என்ற கேள்விக்கும் அங்கே இடம் இல்லை. ஒவ்வொரு வீடாகப் போய் எண்ணிய கணக்கு அது.

காரணம் வேறு, கணக்கு வேறு

ஆனால், ஓர் எச்சரிக்கை. "தற்செயல் அல்ல" என்பதோடு இந்தச் சோதனையின் வேலை முடிகிறது. யார் செய்தது, ஏன் நடந்தது என்று அது சொல்லாது.

டாக்டர் அர்பத்நாட்டே இதில் தாவிவிட்டார். ஆண் அதிகமாகப் பிறப்பது தற்செயல் அல்ல என்று கண்டவுடன், "ஆண்கள் வெளியே போய் ஆபத்தில் அதிகம் இறக்கிறார்கள். அதை ஈடு செய்யவே கடவுள் ஆணை அதிகமாகப் படைக்கிறார்" என்று முடிவு கட்டினார். அவர் போட்ட கணக்கு முதல் பாதிக்குத்தான் சாட்சி. இரண்டாவது பாதி அவருடைய நம்பிக்கை.

ஆகவே, எண் சந்தேகத்தை எழுப்பிய பிறகு, காரணத்தைத் தேட நேரில் போக வேண்டும். இந்தியாவில் அப்படித் தேடியபோது கிடைத்த விடைகள் கசப்பானவை. ஸ்கேன் கருவி வந்த பிறகு, வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்ததும் கருவை அழிப்பது பரவியது. அதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. 2003-ல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். "இங்கே ஆணா, பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது" என்று ஸ்கேன் நிலையங்களில் தொங்கும் பலகை அந்தச் சட்டத்தின் விளைவே. தமிழ்நாட்டில், பிறந்த பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது.

விடுதலை வேறு, நிரபராதி வேறு

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. சாட்சியம் போதாமல் விடுதலை ஆனவன் எல்லாம் நிரபராதி அல்ல. எண்களிலும் அப்படித்தான்.

ஓர் ஊரில் உண்மையிலேயே பெண் கருவை அழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 55 ஆண் பிறக்கிறது. 100 பிறப்பை மட்டும் பார்த்தால், 61 என்ற எல்லைக்குள் அது ஒளிந்துகொள்ளும். பிடிபடாது. அதே ஊரின் கணக்கைப் பல ஆண்டுகள் சேர்த்து 1,000 பிறப்பு ஆகும்போது பாருங்கள். ஆண் 550. எல்லை 544. அகப்பட்டுவிடும்!

ஆகவே, சிறிய ஊரைப் பற்றிச் சிறிய எண் எதுவும் சொல்லவில்லை என்றால், "அங்கே ஒன்றும் இல்லை" என்று பொருள் அல்ல. "இன்னும் எண்ணிக் கொண்டிரு" என்பதே பொருள்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

அதிகாரிகளும் பத்திரிகைகளும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "1,000-க்கு இத்தனை" என்று சொல்லும்போது, எத்தனை பிறப்பை எண்ணி அந்த விகிதம் வந்தது என்பதையும் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். மூன்று மாதக் கணக்கை வைத்து ஒரு கிராமத்தைத் தூற்றவும் கூடாது. மூன்று மாதக் கணக்கை வைத்து ஒரு கிராமத்துக்குப் பரிசு கொடுக்கவும் கூடாது. ஆண்டுக் கணக்கில் சேர்த்து, மாவட்ட அளவில் பார்த்து, அதன் பிறகு பேச வேண்டும்.

படிக்கிறவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. எந்தக் கணக்கெடுப்புச் செய்தியைப் படித்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம்.

எத்தனை பேரை எண்ணினார்கள்? 

அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? முன்னால் தேர்ந்தெடுத்தார்களா, முடிவு தெரிந்த பிறகு பொறுக்கினார்களா? 

கணக்கில் வராமல் விட்டுப்போனவர்கள் யார்? 

தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வருமா?

தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று சொல்லும் கணிப்புக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். "பத்தில் எட்டுப் பேர் எங்கள் பற்பசையைத்தான் விரும்புகிறார்கள்" என்ற விளம்பரத்துக்கும் பொருந்தும்.

ஆனால், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்ற கணக்கில் மட்டும் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே ஒரு பக்கம் தவறினால், குற்றமில்லாத தாய் ஒருத்தி ஊரார் முன் தலைகுனிய வேண்டியிருக்கும். மறுபக்கம் தவறினால், பிறக்க வேண்டிய பெண் ஒருத்தி பிறக்காமலே போவாள். அவளுக்காகச் சாட்சி சொல்ல வேறு யாரும் இல்லை. சரியாக எண்ணி, சரியாக விசாரித்த கணக்கு ஒன்றுதான் அவள் பக்கத்துச் சாட்சி.